பார்வதியம்மாளின் படத்துக்கு ஒரு சிவப்பு விளக்கு

இறம்பொடை நீர்வீழ்ச்சியின் இரைச்சல் காதில் விழுகின்ற தூரத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில், நானும் நண்பர் பாரூக் நானாவும் மழைக்கு ஒதுங்கியிருந்தோம். லயத்து வீட்டின் முன்புறம் தகரம் இறக்கிய சிறு முகப்பை எங்கள் பக்கத்தில் இஸ்தோப்பு என்போம். அந்த இஸ்தோப்பின் மூலையில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது. மழையின் வாசனையும் புகையின் வாசனையும் இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேநீராகிய சாயத்தண்ணியின் வாசனையும் ஒன்றாகக் கலந்திருந்தன.

வீட்டுக்காரி பார்வதியம்மாளை அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம். கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து உடல்நலக் குறைவால் நின்றிருந்தவர். வயது அறுபதை நெருங்கியிருக்கலாம். முன்பின் அறியாத இருவர் நனைந்துகொண்டு வருவதைக் கண்டதும், "உள்ள வாங்க, நனையாதீங்க" என்று அழைத்து, கையில் கோப்பையைக் கொடுத்துவிட்டுத்தான் யார், எவர் என்று விசாரித்தார்.

என் கணுக்காலில் இரத்தம் வழிவதை அவரே முதலில் பார்த்தார்.

"அண்ணே, அட்டை கடிச்சிருக்கு. அசையாதீங்க, உப்பு கொண்டாறேன்."

"தம்பிட ரத்தம் இனிப்பு, தங்கச்சி. என்னை ஒண்டும் தொடல்ல" என்றார் நானா.

"நானா என்னா தொழில் பாக்குறீங்க?"

"தலவாக்கலையில துணிக்கடை."

"அதான் விட்டிருக்கு. அட்டையும் மொழம் போட்டுத்தானே நடக்குது. நம்ம தொழில்காரருன்னு நெனச்சிருக்கும்."

நானா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த வேகத்தில் கமராவை எடுத்து, "ஒரு படம் எடுக்கட்டா தங்கச்சி?" என்று கேட்டார்.

"இந்தக் கோலத்துலயா? இருங்க, சீலை மாத்திட்டு வர்றேன்."

பச்சைச் சேலை உடுத்தி, தலையை வாரி, மரப்பெட்டி ஒன்றின் மேல் வந்து அமர்ந்தார். வைத்தியருக்கு முன்னால் அமர்கின்ற நோயாளியைப் போல முதுகு விறைத்திருந்தது. நானா எடுத்தார். எடுத்து முடிந்ததென்று அவர் எழ முயன்ற கணத்தில், முற்றத்தில் நனைந்த பெட்டைக்கோழி ஒன்று ஓடி வந்து அவருடைய சேலைக்குள் புகுந்துகொண்டது. "அடி கழுத, இது கலியாணச் சீலைடி" என்று அதைத் திட்டியபடியே சிரித்தார். அந்தச் சிரிப்பை நானாவின் கமரா மீண்டும் ஒருமுறை பிடித்துக்கொண்டது.

புறப்படுகையில் என் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டார். அப்போதுதான் தமது நோயைப் பற்றிச் சொன்னார். வயிற்றில் ஒரு கட்டி. கண்டிப் பெரிய ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்திருந்தார்கள். தள்ளிப் போடக்கூடாது என்று வைத்தியர் அழுத்தமாகச் சொல்லியிருந்தாராம். பயமாக இருக்கிறதென்று அவர் சொல்லவில்லை. "கத்தி வைப்பாங்களாம்" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைப் பயணிகள்

நானாவும் நானும் எவ்வாறு கமராவும் கையுமாகத் திரியத் தொடங்கினோம் என்பதை இவ்விடத்தில் சொல்லிவிடுதல் முறையாகும்.

நான் தலவாக்கலையில் இரும்புச் சாமான் கடையொன்றில் நெடுங்காலம் நின்று, முழங்கால் மறுத்த பிறகு வீட்டில் அமர்ந்தவன். கொழும்பில் தொழில் பார்க்கும் என் மகள் புதிய கமரா ஒன்று வாங்கியபோது, பழையதை எனக்குத் தந்தாள். "சும்மா சன்னலோரம் ஒக்காந்திருக்காம எதையாவது எடுங்கப்பா" என்றாள். சன்னலிலிருந்தே தொடங்கினேன். கண்ணாடியில் வழிந்த பனிநீர்தான் நான் எடுத்த முதற் படம்.

நானாவின் கடை, நான் வேலை பார்த்த கடைக்கு எதிரில் இருந்தது. என்னிலும் இரண்டொரு வயது மூத்தவர்; எங்கள் ஊர் முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் 'நானா' என்ற சொல்லாலேயே நானும் அவரை அழைப்பேன். அவரும் ஒரு கமரா வைத்திருந்தார் என்பது எனக்கு மிகவும் பிந்தியே தெரிய வந்தது. ஒரே ஆசை கொண்ட இருவர் ஒரே தெருவில் இவ்வளவு காலம் அறியாமல் இருந்துவிட்டோமே என்று அன்று இருவரும் வருந்தினோம். அடுத்த ஞாயிறே புறப்பட்டுவிட்டோம்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. மலைநாட்டு நகரங்களில் ஞாயிற்றுக்கிழமைதான் வியாபாரம். தோட்டத்துச் சனங்கள் கடைத்தெருவுக்கு இறங்குகின்ற நாள் அது. நானாவின் துணைவியார் என்னைக் காணும்போதெல்லாம், "ஊரே கடைக்கு வர்ற நாளையில கடைக்காரர் காட்டுக்குப் போறார். நீங்க கூட்டிட்டுப் போறீங்களா, அவர் ஒங்களைக் கூட்டிட்டுப் போறாரா? அதை மட்டும் செல்லுங்க" என்பார். நாங்கள் ஒருவரை ஒருவர் கைகாட்டுவோம். கடையை மகன் பார்த்துக்கொள்வார்.

எடுக்கும் படங்களில் எங்களுக்குள் ஒற்றுமை கிடையாது. நான் இலை, கல், பாசி, பனி, யாருமற்ற பாதை ஆகியவற்றை எடுப்பேன். நானா மனிதரை எடுப்பார். மலைநீர் விழும் பீலியில் துணி துவைக்கும் பெண்கள், முடி வெட்டிக்கொள்ளும் முதியவர், பேருந்து மிதிபலகையில் நின்று வெற்றிலை போடும் நடத்துநர் என்று அவருடைய படங்களில் எப்போதும் ஒரு முகம் இருக்கும்.

"தம்பி, ஒங்கட படத்தில ஆளே இல்ல. ஊரைக் காலி பண்ணினாப் போல இருக்கி" என்பார்.

"இலை சீலை மாத்திட்டு வர்றேன்னு சொல்லாது நானா" என்பேன்.

உல்லாசப் பயணிகளின் வாகனங்கள் நிற்கும் வளைவுகளில் நாங்கள் இறங்குவதில்லை. அங்கே கூடையை முதுகில் மாட்டி, இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரல் நுனியில் பிடித்து, கேட்காமலே சிரிப்பதற்குப் பெண்கள் பழகிவிட்டார்கள். பிழைப்பின் பொருட்டுச் சிரிக்கும் சிரிப்பைக் குறை கூற எனக்கு வாய் வராது. ஆயினும் அதனை எடுப்பதற்குக் கையும் வருவதில்லை.

பயந்த முகங்கள்

இனி நான் சொல்லப்போவது எங்கள் மக்களுக்கு நன்கு தெரிந்தது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

லயத்து வீட்டின் உள் அறைச் சுவரில் சாமி படங்கள் இருக்கும். நாட்காட்டி இருக்கும். மணமக்களாக நிற்கும் படம், பிள்ளைகள் சேர்ந்து நிற்கும் படம் இருக்கும். ஆனால் ஒருவரை மட்டும் தனியே, பெரிதாக, சட்டமிட்டுக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தால், அவர் உயிரோடு இல்லை. மாலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு வேறு பொருள் கிடையாது. வசதியுள்ள வீட்டில் அப்படத்தின் மேற்புறத்தில் ஒரு சிறு சிவப்பு விளக்கும் இரவு பகலாக எரியும்.

அந்தப் படங்களிலுள்ள முகங்களை உற்று நோக்கியிருக்கிறீர்களா? பெரும்பாலானவர்கள் அஞ்சி விழித்துக்கொண்டிருப்பார்கள். இறப்பைக் கண்டு அஞ்சியதன்று. தேசிய அடையாள அட்டைக்காக எடுத்த படத்தையே பிற்பாடு பெருக்கிச் சட்டமிடுவதனால் வந்த அச்சம் அது. தோட்டத்தில் வாழ்ந்த பலருக்கும் அந்த ஒரே ஒரு படந்தான் மிஞ்சியிருக்கும். லயத்துச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, "ஆடாதே, சிரிக்காதே, காதைக் காட்டு" என்று அதட்டி எடுத்த படம்.

என் தாய்மாமன் ஒருவர் வாழ்நாளெல்லாம் பகடி பேசியவர். சாவு வீட்டிலும் சிரிக்க வைப்பார். இன்று அவர் வீட்டுச் சுவரில், பொலிசார் வந்து கதவைத் தட்டியது போன்ற முகத்துடன் நிற்கிறார். அவரை அறியாத பேரப்பிள்ளைகள், "தாத்தா ரொம்பக் கண்டிப்பானவரா?" என்று கேட்கிறார்கள்.

கண்டியில் செய்த சட்டம்

இறம்பொடைப் பயணம் முடிந்து சில வாரங்கள் சென்றபின், ஒரு வெள்ளிக்கிழமை காலை எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் பார்வதியம்மாளின் கணவர் முத்தையா. நாங்கள் சென்றிருந்த அன்று அவர் விறகுக்குப் போயிருந்தமையால் குரல் எனக்குப் புதிது.

"அண்ணே, நாங்க ஒங்களுக்கு என்னா கெடுதல் செஞ்சோம்? மழைக்கு ஒதுங்க எடம் குடுத்தோம். சாயத்தண்ணி குடுத்தோம். அதுக்கு உசுரோட இருக்கிறவளைக் கண்ணாடி போட்டு அனுப்பியிருக்கீங்களே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. கண்டிக்குத் துணி கொள்முதலுக்குப் போய் வந்த நானா, திரும்பும் வழியில் இறம்பொடை வீதியோரக் கடையொன்றில் ஒரு பொதியை முத்தையாவிடம் சேர்ப்பிக்குமாறு கொடுத்துவிட்டுச் சென்றிருந்தார். முத்தையா அதை லயத்தார் எல்லாரும் பார்க்க இஸ்தோப்பில் வைத்துப் பிரித்திருக்கிறார். உள்ளே, கரிய மரச்சட்டத்தில், ஒற்றை ஆளாகப் பார்வதியம்மாள். படத்தின் மேற்புறத்தில் மாலை கொளுவுவதற்கு இரண்டு பித்தளைக் கொக்கிகள். நடுவில் சிவப்பு விளக்கு. வயருடன்.

"பக்கத்து வீட்டம்மா பாத்துட்டு, நாள் குறிச்சு அனுப்பியிருக்காங்கன்னு சொல்லிருச்சு. அதுல இருந்து இவ சோறு திங்கல. செவ்வாக்கிழம ஆப்பரேசன். போகமாட்டேன்னு ஒக்காந்திருக்கா. போனா இந்தப் படத்துக்குத்தான் திரும்பி வருவேன்கிறா. நான் என்னா சொல்லட்டும்?"

தொலைபேசியை வைத்ததும் என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "தனியாவா? கண்ணாடி போட்டா?" என்பது. இரண்டாவது கேள்வியை அவள் கேட்கவில்லை. குடையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

கடைக்குச் சென்றேன். நானா துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். இறம்பொடையிலிருந்து அழைப்பு வந்தது என்றதும் முகம் மலர்ந்து, "படம் கெடச்சிச்சாமா? தங்கச்சி என்ன சென்னாங்க?" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அப்பெண்மணியின் மனத்தைச் சற்று மகிழ்விக்க வேண்டுமென்ற எண்ணத்திலே, என்னிடங்கூடச் சொல்லாமல் செய்திருக்கிறார்.

நான் விடயத்தைச் சொன்னேன். மடித்த துணி கையிலேயே இருக்க, நாற்காலியில் அமர்ந்துவிட்டார்.

"விளக்கு ஏன் நானா போட்டீங்க?"

"மரியாதையான ஆள், நல்லாச் செய்யின்னு சட்டக்காரன்கிட்ட சென்னேன் தம்பி. பல்ப் ஒண்டும் போடவான்னு கேட்டான். அழகா இருக்குமேன்னு போடச் சென்னேன்."

"தோட்டத்து வீடுகள்ல அந்த விளக்கை நீங்க கண்டதில்லையா?"

"கண்டிருக்கேன். மாலை போட்டிருந்தாத்தான் மௌத்தானவங்க, மாலை இல்லாட்டி சும்மா படம்னு நெனச்சேன். எங்கட ஊட்டில மௌத்தானவங்க படமும் மாட்டுறதில்ல, இருக்கிறவங்க படமும் மாட்டுறதில்ல. எனக்கெப்படித் தம்பி வெளங்கும்?"

பிறகு மெல்லிய குரலில், "அந்தப் புள்ள போகாம விட்டா?" என்று கேட்டார். நான் அங்கிருந்தே முத்தையாவை அழைத்து, நானாவின் வீட்டு வழக்கத்தையும் ஞாயிறு நாங்கள் வரப்போவதையும் சொன்னேன்.

சாக்குக்குள் இருந்தவர்

ஞாயிறு காலை முதல் பேருந்தில் நுவரெலியா சென்று, அங்கிருந்து கண்டிப் பேருந்தில் இறம்பொடையில் இறங்கினோம். இருவரிடமும் அன்று கமரா இல்லை. வழியில் பனி விலகி, மலைச்சரிவெங்கும் வெயில் விழுந்து, தேயிலை பளபளத்தது. எடுக்கத்தக்க காட்சிதான். நானா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

முத்தையா இஸ்தோப்பில் நின்றார். வாருங்கள் என்று சொன்னார். ஆனால் அமரச் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால், உரச்சாக்கில் சுற்றி, சுவரைப் பார்த்து நிறுத்தி வைத்திருந்தார்கள் படத்தை.

"ஆத்துல விடலாம்னு பாத்தேன். ஆத்துல விட்டா அது வேற மாதிரி ஆயிரும்னு சொல்லுறாங்க. ஒடைக்கவும் பயமா இருக்கு. நீங்களே கொண்டு போயிருங்க" என்றார்.

பார்வதியம்மாள் உள்ளேயிருந்து வந்தார். முகம் வாடியிருந்தது. நானா நின்றபடியே பேசினார்.

"தங்கச்சி, நான் அறியாமச் செஞ்சது. ஒங்கட வழக்கம் எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பு வடிவா இருந்திச்சு. அதை நீங்க பாக்கணும்னுதான் நெனச்சேன். வேற ஒண்டும் இல்ல. அல்லாஹ் மேல ஆணையா."

பார்வதியம்மாள் இன்னும் ஓரடி வெளியே வந்தார்.

"ஒங்க வீட்டுல செத்தவங்க படம் வைக்க மாட்டீங்களாமே. அண்ணே போன்ல சொன்னாங்க. அப்பறம் எப்பிடி ஞாபகம் வச்சுக்குவீங்க?"

"பேர் சொல்லி அல்லாஹ்கிட்டத் துஆ கேப்போம்."

"செத்தவங்களுக்கு மட்டுந்தானா?"

"சுகமில்லாதவங்களுக்கும் கேக்கிறது."

"எம் பேரு சொன்னீங்களா?"

"வெள்ளிக்கிழமையில இருந்து ஒங்கட பேரை மட்டுந்தான் தங்கச்சி சொல்லிட்டிருக்கேன்."

பார்வதியம்மாள் கதவுப் பக்கம் திரும்பினார். பிறகு கணவரைப் பார்த்து, "அந்தச் சாக்கை வெளிச்சத்துக்குக் கொண்டாங்க" என்றார்.

"வேணாம் பார்வதி."

"எம் படத்தை நானே இன்னும் நல்லாப் பாக்கல. ஊர்ச்சனம்தான் பாத்துச்சு. கொண்டாங்கன்னா."

முத்தையா கொண்டுவந்து மரப்பெட்டியின் மேல் வைத்துச் சாக்கை உருவினார். காலை வெயில் கண்ணாடியில் விழுந்தது. பார்வதியம்மாள் குனிந்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, நெடுநேரம் பார்த்தார். எதிர்வரிசை லயத்துப் பெண்கள் இருவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தனர்.

"மூக்குத்தி மின்னுது" என்றார் முதலில்.

பின்னர், "பல்லு விழுந்த எடம் தெரியவே இல்ல" என்றார்.

முத்தையாவும் தம்மையறியாமல் நெருங்கி வந்து குனிந்திருந்தார். "கோழியைத் திட்டுறியா இதுல?" என்று கேட்டார். "ஆமா. ஒங்களைத் திட்டுறப்ப இப்பிடியா இருப்பேன்?" என்றார் அவர். குடத்துடன் நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள்.

பார்வதியம்மாள் நிமிர்ந்து, உள் அறைச் சுவரைச் சுட்டிக்காட்டினார். மாலையிட்ட படம் ஒன்று அங்கே தொங்கியது.

"அது எங்கம்மா. ஐடென்டிகாட்டுல இருந்து பெருசாக்கினது. எங்கம்மா ஒரு நாளும் அப்பிடி முழிச்சதில்ல நானா. எம் புள்ளைகளுக்கு அவங்க அந்த முழியோடதான் ஞாபகத்துல இருக்காங்க. எனக்கும் அதே மாதிரி ஒண்ணுதான் போடுவாங்கன்னு நெனச்சிருந்தேன். அந்த ஐடென்டிகாட்டுல கள்ளி மாதிரி இருப்பேன்."

அவர் மீண்டும் படத்தின் பக்கம் திரும்பினார்.

"இது நல்ல படம். ஒரு நாளைக்கு வேணும்தான். யாருக்குத்தான் வேணாம்? ஆனா இன்னைக்கு இல்ல. வீட்டுக்குள்ள இருந்தா இவுங்களுக்குத் தூக்கம் வராது, எனக்கும் வராது. நீங்க கொண்டு போயி ஒங்க கடையில பத்திரமா வச்சிருங்க. வேணும்கிறப்ப எம் புள்ளைக வந்து வாங்கிக்கிடும். ஒண்ணும் அவசரமில்ல."

நானா தலையசைத்தார்.

"கொக்கியும் பல்பும் இருக்கட்டும். கழட்டிறாதீங்க. செலவு செஞ்சு போட்டது" என்றும் சொன்னார். பிறகு முத்தையாவிடம் திரும்பி, "இவுங்களை ஒக்காரச் சொன்னீங்களா இல்லையா? நிக்க வச்சே பேசுறீங்க. செவ்வாக்கிழம போறதுக்கு அந்தப் பிளாஸ்கை வேற தேடணும்" என்று உள்ளே போனார்.

முத்தையா எங்களுக்கு இடம் காட்டினார். எங்களோடு தாமும் அமர்ந்தார். அன்று சாயத்தண்ணியுடன் அவித்த மரவள்ளிக்கிழங்கும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும் வந்தன.

கடையில் ஒரு படம்

மனித உருவம் எதுவும் மாட்டப்படாத பாரூக் நானாவின் கடையில், பருத்திச் சேலைகள் அடுக்கிய தட்டின் பின்னால், வெள்ளைத் துணியில் சுற்றிய அந்தச் சட்டம் இருக்கிறது. கடைப் பையன்களுக்கு அதைத் தொட அனுமதி கிடையாது. ஈரக் காலத்தில் நானாவே எடுத்து, வெயில் படும் மூலையில் சற்று நேரம் சாய்த்து வைப்பார். "ஊட்டிலயும் கேக்கிறாங்க, யார்ட படம்னு. அமானிதம்னு செல்லிட்டேன்" என்றார் என்னிடம். ஒருவர் நம்பித் தந்ததைக் காத்திருத்தலுக்கு அவர்கள் வழங்கும் சொல் அது.

சத்திரசிகிச்சை நல்லபடியாக நடந்தது. கட்டியில் அஞ்சத்தக்கது எதுவுமில்லை என்ற செய்தியை முத்தையா எனக்குச் சொன்னபோது, அவருடைய குரல் முதல் தொலைபேசியில் கேட்ட குரலாக இல்லை.

மழைக்காலம் ஒன்று கழிந்தது. ஒரு ஞாயிறு நாங்கள் வெளியே புறப்படவில்லை. தீபாவளி நெருங்கிக் கடையில் கூட்டம் மிகுந்திருந்தமையால், நானாவுக்குத் துணையாக நானும் அங்கே அமர்ந்திருந்தேன். முத்தையா முன்னால் வர, சற்று மெலிந்து, ஆனால் நிமிர்ந்த நடையுடன் பார்வதியம்மாள் உள்ளே வந்தார்.

"எங்க நானா எம் படம்? காட்டுங்க, பூஞ்சணம் கீஞ்சணம் பிடிச்சிருக்கான்னு பாப்போம்."

நானா தாமே தட்டின் பின்னால் சென்று எடுத்துவந்து, மேசையில் வைத்துத் துணியை அவிழ்த்தார். பார்வதியம்மாள் நான்கு மூலையும் பார்த்தார். கொக்கிகளை விரலால் அசைத்துப் பார்த்தார். பக்கத்தில் நின்று துணி பார்த்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தி படத்தையும் அவரையும் மாறி மாறி நோக்கி, விளக்கைக் கண்டு திடுக்கிட்டு, ஓரடி பின்வாங்கினாள்.

"பயப்படாதம்மா, நான்தான்" என்றார் பார்வதியம்மாள். பிறகு துணியை அவரே இழுத்து மூடி, சட்டத்தை நானாவின் பக்கம் தள்ளினார்.

"நல்லாத்தான் இருக்கு. அதை உள்ள வைங்க. தீபாவளிக்கு என்னா சீலை வந்திருக்கு? அதை எடுத்துப் போடுங்க."